வழி காட்ட வந்தவர்

மனிதர் பாதி ஆயுளைச் செருப்புக் கடையில் முட்டிபோட்டே கழித்தவர். வருகிறவர்களின் காலைப் பிடித்து, ஷூ நுனியை அழுத்திப் பார்த்து, "கடிக்குதா சார்?" என்று கேட்பதுதான் பிழைப்பு. மலையேறும் ஷூவை விற்கும்போது மட்டும் குரலே மாறிவிடும். "பாறைல பல்லி மாதிரி ஒட்டும் சார்!" என்பார். அவர் ஏறிய உயரமெல்லாம் மேல்தட்டுப் பெட்டியை எடுக்கும் ஏணி வரைதான்.

மனைவி இறந்த பிறகு அவருக்கென்று இருந்தது ஒரே மகள். வெளியூரில் பெரிய வேலை. ஊருக்கு வெளியே இருக்கும் கருங்கல் மலையில் ஏற, அலுவலக நண்பர்களோடு அவள் வருகிறாள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நானும் வரேம்மா" என்றார். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, வாங்க" என்றாள். அந்த மௌனத்தைப் படிக்கும் புத்தி இருந்திருந்தால் வீட்டிலேயே கிடந்திருப்பார். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

அடிவாரத்தில் தாடிக்காரன் ஒருவன் மகளிடம், "இவர் யாரு?" என்றான்.

மகள் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்துகொண்டாள். "இங்க ஷூ கடைல வேலை பார்க்கிறார். மலை நல்லா பழக்கம். வழி காட்ட வரச் சொன்னேன்."

அவருக்கு நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி இருந்தது. ஆனாலும் பெற்ற பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிடலாமா? "ஆமாங்க, வாங்க போலாம்" என்று முன்னால் நடந்தார். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் உண்டு. இவர் உயரம் தெரியாமல் விட்டார்.

படிக்கட்டு எந்தப் பக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாறை செங்குத்தாக நிமிர்ந்து நின்ற பக்கமாகப் பார்த்துக் கூட்டிப்போனார். குறுக்கு வழி என்று வேறு அளந்தார். பாதி உயரத்தில் பிடிக்க ஒரு புல்கூட இல்லை. கீழே பார்த்தார். கவிழ்ந்து பாறையைக் கட்டிக்கொண்டார்.

"வழி தெரியாதா உனக்கு? எங்க உயிரோட விளையாடுறியா?" என்று கத்தினான் தாடிக்காரன்.

எல்லோரையும்விட மகள்தான் அதிகம் கத்தினாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிடி நழுவியது. சரசரவென்று சறுக்கி, ஒரு மேட்டில் மோதி நின்றார். கணுக்கால் மளுக்கென்றது. முழங்கைத் தோல் பாறையில் ஒட்டிக்கொண்டது; ஷூதான் ஒட்டவில்லை.

கைத்தாங்கலாக இறக்கி நிழலில் உட்காரவைத்தார்கள். மகள் எட்ட நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தாடிக்காரனுக்குக் கோபம் போய் இரக்கம் வந்திருந்தது. போனை எடுத்தான்.

"கால் உடைஞ்சிருக்கும் போல. வீட்டுக்குச் சொல்லணும். யார் நம்பராவது குடுங்க."

அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர்தான். அந்த நம்பருக்கான போன் எதிரே நின்ற மகளின் கையில் இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு யாரும் இல்ல தம்பி."

மகள் பெருமூச்சு விட்டாள். அது அவருக்குக் கேட்டது.