ஸ்டெல்லா அக்காவின் பத்தாவது ஆள்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். காலையில் அவர் தம்பி அந்தோணி போன் செய்தார். சர்க்கரை, அப்புறம் கிட்னி... நாளை மதியம் ஏற்காட்டில் அடக்கம்.

எஸ்டேட் ஆபீஸில் ஆறு வருடம் என் பக்கத்து மேஜை. காபிப் பழம் எடை போட்டு எழுதுவது அவர் வேலை. ஆனால் அவரைத் தெரிந்த யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது வாட்ஸ்அப்தான்.

"அக்கா மெசேஜ் உங்களுக்கும் வருமுங்களா? எனக்கு மட்டும் எல்லாமே ரெண்டு ரெண்டு தடவ வரும். போன்ல கோளாறுன்னு நெனச்சு கடையில கூடக் காட்டுனனுங்க," என்றார் அந்தோணி. அழுதுகொண்டேதான் சொன்னார்.

தினமும் ஒரு முள்முடிப் படம். கீழே, ஆமென் போட்டு இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் நீ இயேசுவை நினைத்து வெட்கப்படுகிறாய் என்று அர்த்தம். இன்று மாலைக்குள்.

வாழவந்திப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் சிக்னல் வருவதே அபூர்வம். மழையில் டவர் போன ஒரு நாள், பழம் மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருக்கும்போது, அக்கா ஆபீஸ் பொறுப்பிலிருந்த ரைட்டரிடம் போய், சிக்னல் கிடைக்கும் ஒண்டிக்கடை வரை போக பர்மிஷன் கேட்டார்.

"ஏனுங்க, உடம்பு சரியில்லைங்களா?"

"உடம்பு நல்லாத்தானுங்க இருக்குது. ஆறு மணிக்குள்ள ஆமென் போடோணும்."

ரைட்டர் அவரைப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார். மிச்ச எடை என் தலையில்.

மறுநாள் கேட்டேன். "ஆண்டவருக்கும் நெட் பேக் வேணுங்களா அக்கா?"

அவர் சிரிக்கவில்லை. "ஒருக்கா அனுப்பாம அழிச்சுப்போட்டேன் சாமி. அடுத்த நாளே தம்பி பைக்கோட கொண்டை ஊசி வளைவுல உழுந்துட்டான்."

"அவரு வண்டியில ஹெட்லைட்டே இல்லீங்களே..."

"அதும் நெசந்தான்," என்றார். ஆனால் அந்தப் பயம் கடைசி வரை போகவில்லை.

இதையெல்லாம் நம்பாதீர்கள், ஆண்டவர் யாரையும் மிரட்ட மாட்டார் என்று ஃபாதரே ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். அக்கா நன்றாகத் தலையாட்டினார். பூசை முடிந்ததும் கோயில் படியில் நின்று அன்றைய பத்தை அனுப்பினார்.

"ஃபாதர் சொன்னது சரிதான் கண்ணு. இருந்தாலும் எதுக்கு வம்பு."

என்னை விட்டால் அவர் போனில் இருந்ததே ஒன்பது நம்பர்தான். பத்தாவது ஆள் நான்.

"நீ பத்துப் பேருக்கு அனுப்பிட்டியா கண்ணு?" என்று தினமும் கேட்பார். "அனுப்பிட்டேனுங்க அக்கா" என்பேன். ஒன்றைக்கூட அனுப்பியதில்லை. சேலத்துக்கு வேலை மாறி வந்ததும் அவர் மெசேஜ்களை மியூட் போட்டுவிட்டேன்.

இன்றுதான் திறந்தேன். படம், படம், படம்... நடுவே போன வருடம் வந்த ஒரே ஒரு வாய்ஸ் நோட்.

"நீ யாருக்கும் அனுப்ப மாட்டேன்னு எனக்கு மொதல்லயே தெரியும் சாமி. உனக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு, உம்பேரச் சொல்லி தினமும் தம்பிக்கே இன்னொருக்கா அனுப்பிப்போடறேன். நீ பயந்துக்காத."

ஒரு வருடம் கேட்காமலே கிடந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நிம்மதியாகத் தூங்குங்க அக்கா. இனி யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம்.

நாளை வருகிறேன். போனில் கோளாறு ஒன்றும் இல்லை என்று அந்தோணியிடம் சொல்லிவிடுகிறேன்.