ஏரோப்பிளேன் கருப்பருக்கு ஒரு கேள்வி

மீமிசல் பக்கம் எங்கள் ஊர்க் கடற்கரையில் ஏரோப்பிளேன் கருப்பர் இருக்கிறார். உலகப் போரில் சுடப்பட்டுக் கடலில் விழுந்த குண்டுவீச்சு விமானத்திலிருந்து பிணமாகக் கரை ஒதுங்கிய அமெரிக்கச் சிப்பாய். புதைத்த இடத்தில் முதலில் விளக்கு வைத்தார்கள். பிறகு சுருட்டும் சாராயமும் வைத்தார்கள். அவ்விரண்டும் வந்துவிட்டால் எங்கள் பக்கம் சாமியும் வந்துவிடும். வெள்ளைக்காரரைக் கருப்பராக்கியதில் யாருக்கும் சங்கடமில்லை. படையலன்று அவர் இறங்கி ஆடுவதும் குறி சொல்வதும் என் மேல்தான். பரம்பரைப் பதவி, தகுதித் தேர்வு கிடையாது.

இந்த ஆடிப் படையலுக்கு அந்தச் சிப்பாயுடைய தம்பியின் பேத்தி அமெரிக்காவிலிருந்து வந்துவிட்டார். சாமியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் எனக்கு இங்கிலீஷ் ‘ஃபுல் டேங்க்’கோடு சரி.

பள்ளிக்கூட வாத்தியாரான மச்சானைத் தனியே இழுத்துப்போனேன்.

“அந்தம்மா இங்கிலீஷ்ல கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? காய்ச்சல்னு படுத்துக்கிறவா, மச்சான்?”

“படுங்க மாப்ள. சாமி வேற ஆளு மேல எறங்கிரும். மொத மரியாதையும் அங்கிட்டே போயிரும்.”

“சாமிக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சான்னு சிரிப்பாங்களே.”

“இத்தனை வருசமா இங்கனயே கெடக்குறாரு, தமிழ் கத்துக்கிட்டிருக்க மாட்டாரா? நீங்க ஆடுங்க. நான் மாத்திச் சொல்றேன்.”

உடுக்கை அடித்தார்கள். வழக்கமாக நடுக்கத்தை நான்தான் வரவழைக்க வேண்டும். அன்று அது எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. பல் தந்தியடித்தது.

“இன்னிக்கித்தாங்க சாமி நெசமா வந்திருக்கு,” என்றார் பின்னால் ஒருவர். அப்படியானால் இதுவரை நான் ஊதிய சுருட்டுக்கெல்லாம் என்ன பெயர் என்று அந்த நடுக்கத்திலும் கேட்கத் தோன்றியது.

அந்தம்மா அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். மச்சான் தொண்டையைச் செருமினார். “சாமி, விமானம் விழுகுறப்ப பயந்தீங்களான்னு கேக்குறாங்க.”

வேப்பிலையை வீசி, கருப்பனுக்கு ஏதுடா பயம் என்று முழங்கியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

“ரொம்பப் பயந்துட்டேம்மா. ஒடம்பெல்லாம் ஒதறிப்போச்சு.”

மச்சான் இங்கிலீஷில் சொன்னார். அந்தம்மா பதிலுக்குச் சொன்னதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. “வீரமாச் செத்தாருன்னே வீட்ல எல்லாரும் சொல்லுவாங்களாம். பத்தொம்போது வயசுப் புள்ள பயந்திருக்காதான்னு இவங்க கேட்டா அதட்டுவாங்களாம்.”

அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சாமி மலையேற வேண்டிய நேரம். நான் திருநீறு வாங்கிப் பின்பக்கம் சாய வேண்டும். தாங்க ஆள் நின்றது. உடுக்கைக்காரர் கையோய்ந்து என்னையே பார்த்தார். “விழுங்க மாப்ள,” என்று மச்சான் காதைக் கடித்தார்.

அந்தம்மா கையை விடவில்லை. நானும் இழுக்கவில்லை.