புரட்டாசியில் இறங்கிய மைலேஜ்

1. எடுக்காத வண்டி

முதல் நாள் காலையில் அந்தக் காரை நான் ஐந்தாறு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்தாறு தடவை அணைத்தேன். ஒரு தடவைகூட அது ஸ்டார்ட் ஆனது எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதி, ஆடிட்டர் சம்பத் சார் வீட்டு வாசல். கார் புத்தம் புதுசு. பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை. மறுபடி அழுத்தினேன். வேலைக்கு வந்த அன்றே கார் கெட்டுவிட்டது என்று உள்ளே போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சாரே வெளியே வந்தார்.

"என்னப்பா அந்தோணி, கிளம்பலையா?"

"வண்டி எடுக்க மாட்டேங்குது சார்."

அவர் ஜன்னல் வழியே தலையை நுழைத்து மீட்டரைப் பார்த்தார். பச்சையாக எரிந்த இங்கிலீஷ் எழுத்தைக் காட்டினார். "ரெடின்னு போட்டிருக்கு பார். வண்டி அப்பவே எடுத்தாச்சு. நீதான் இன்னும் எடுக்கலை. பிரேக்கை விடு" என்றபடி பின்னால் ஏறிக்கொண்டார்.

விட்டேன். ஆட்டிவிட்ட தொட்டில் போலக் கார் நகர்ந்தது. முன்னால் போன தயிர்க்காரர் சைக்கிளை ஒதுக்கவே இல்லை. பின்னால் கார் வருவது அவருக்கு எப்படித் தெரியும்? ஹாரன் அடிக்க எனக்குக் கூச்சம். வீதி முனை வரை அவர் பின்னாலேயே போனோம்.

ஹைபிரிட் கார் என்பது இதுதான். பெட்ரோல் இன்ஜின் ஒன்று, கரண்டு மோட்டார் ஒன்று. மெதுவாகப் போகும்போது மோட்டார் மட்டும் இழுக்கும், இன்ஜின் தூங்கும். வேகம் கேட்டால் இன்ஜின் எழுந்து வரும். பிரேக் பிடித்தால் அந்த வேகமே கரண்டாகி பேட்டரிக்குள் போய்விடும். வீட்டில் செருகிச் சார்ஜ் போட வேண்டியதில்லை. நாம் ஓட்டுகிற ஓட்டுதான் சார்ஜ்.

2. என் காலுக்கு ஏற்ற கார்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். வயது ஐம்பதை நெருங்குகிறது. கார் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. அதிலும் எனக்கு நல்ல பெயர் கிடையாது, காரணம் என் வேகம். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த பாய் ஒருவரிடம் இருந்தேன். "அந்தோணி, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள வெங்காயம் முளை விட்டுரும்" என்று சொல்லித்தான் அவர் என்னை அனுப்பிவைத்தார். அனுப்பும்போது பிரியாணி போட்டார். நல்ல மனிதர்.

மற்ற கார்களில் குறையாக இருந்த என் கால், இந்தக் காரில் பெரிய குணமாகிவிட்டது. மைலேஜ் வேண்டும் என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது, தடவ வேண்டும். சிக்னல் சிவப்பு தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிட வேண்டும். மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாயும். பிரேக்கைக் கடைசி நிமிஷத்தில் அழுத்தினால் பாதிக் கரண்டு வீணாகும், முன்கூட்டியே லேசாகப் பிடித்தால் பேட்டரிக்கு வரும். காவிரிப் பாலத்து நெரிசலில் மற்றவர்கள் எல்லாம் பெட்ரோலை எரித்துக்கொண்டு நிற்பார்கள். நான் இன்ஜின் இல்லாமல் நத்தை போல ஊர்ந்துகொண்டிருப்பேன்.

சம்பத் சாருக்கு மைலேஜ் என்றால் உயிர். தில்லை நகரில் உள்ள ஆபீஸ் வாசலில் இறங்கியதும் கிளையண்டைப் பார்ப்பதற்கு முன் மீட்டரைத்தான் பார்ப்பார்.

"இன்னிக்கு இருபத்தி மூணு! சபாஷ்ப்பா. நீ ஓட்டறது நெய்யிலே கத்தி போற மாதிரி இருக்கு."

வாழ்க்கையில் என் ஓட்டுதலை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அழுக்கில்லாத டேஷ்போர்டைத் துடைத்தேன்.

3. துணிக்கு மேலே, துணிக்குக் கீழே

புரட்டாசி பிறந்தது. சாரின் மனைவி வேதா மாமி கே.கே. நகரில் உள்ள சின்னப் பெருமாள் கோயிலுக்கு அந்த மாதம் முழுக்கத் தளிகை செய்து தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தார். காலையில் குளித்து, யார் கையும் படாமல் மடியாக உலர்த்திய புடவை கட்டி, புளியோதரையோ சர்க்கரைப் பொங்கலோ சமைத்து, சூடு ஆறுமுன் பித்தளைத் தூக்கில் எடுத்துக்கொண்டு காரில் ஏறுவார்.

கார் சீட்டில் யார் யாரோ உட்காருவார்கள். மடி போய்விடுமே? அதற்கு மாமி ஒரு வழி கண்டுபிடித்தார். எட்டு முழ வேட்டி ஒன்றை மடியாக உலர்த்தி, பின்சீட்டு முழுக்கத் தரைவரை தொங்கும்படி விரித்தார். இடது ஓரத்தில் அவர், வலது ஓரத்தில் தூக்கு.

"துணிக்கு மேலே மடி, துணிக்குக் கீழே கார். அந்தோணி, கை தவறிக்கூட துணியைத் தொட்டுடாதே."

எனக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைத்தேன். மாமியைக் கொண்டுவந்து விட்டபின் ஆபீசுக்குப் போக சார் பின்கதவைத் திறந்தார். கண்டிப்பான குரல் ஒன்று வாசலிலிருந்து வந்தது.

"ஏன்னா! தொடாதீங்கோ!"

"என் கார்டி இது."

"கார் உங்களோடது. துணி பெருமாளோடது. முன்னாடி உட்காருங்கோ."

அன்று முதல் சார் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மறுநாளுக்கு வேறு துணி விரிக்கும்வரை அந்தத் துணி அப்படியே கிடக்கும். பின்சீட்டு பெருமாளுக்கு, முன்சீட்டு ஆடிட்டருக்கு. கார் முழுக்க ஏலக்காய் மணம்.

இரண்டொரு நாளில் மாமி கேட்டார், "பின்னாடி ஏதோ ஊ ஊன்னு ஊதறதே, என்னது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். "ஏசியா இருக்கும் மாமி" என்றேன்.

அதே வாரம்தான் மைலேஜ் இறங்க ஆரம்பித்தது. இருபத்து மூன்று இருபதானது. பிறகு பதினேழு. பாலத்து நெரிசலில் தூங்க வேண்டிய இன்ஜின் விழித்துக்கொண்டு உறுமியது. நான் ஆக்சிலேட்டரைத் தடவுவதைக்கூட விட்டு, நினைத்து மட்டும் பார்த்தேன். அப்படியும் ஏறவில்லை.

4. சார் ஓட்டிய இரண்டு நாள்

சார் காரை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார். அனுப்புவதற்கு முன், "அங்கே கண்டவா ஏறி இறங்குவா" என்று மாமி துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டார். சர்வீஸ் அட்வைசர் பெனாசிர் என்ற பெண். கம்ப்யூட்டரை மாட்டி, ஒரு சுற்று ஓட்டியும் பார்த்துவிட்டு, "வண்டி சூப்பரா இருக்கு அண்ணா, ஒரு குறையும் இல்ல" என்றார்.

அதைப் போய்ச் சொன்னதும் சாரின் முகம் மாறியது. வண்டியில் குறை இல்லை என்றால் வேறு எதில் குறை?

அடுத்து மாமி, கோயில் தளிகைக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டு, சென்னையில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் போனார். துணியும் கொடிக்குப் போனது. சார் சாவியை வாங்கிக்கொண்டார். "நான் ஓட்டறேன்ப்பா. நீ பக்கத்திலே உட்காரு."

சார் ஓட்டுவது கணக்குப் பார்ப்பது போல இருக்காது. பிரேக் போட்டால் என் நெற்றி கண்ணாடியை விசாரிக்கும். மாம்பழச் சாலையில் ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, சாரை லைசென்ஸுக்குப் பழக்கிவுடுறீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

ஆனால் மைலேஜ் ஏறிவிட்டது. அந்தக் குலுக்கலிலும் இருபத்தொன்று!

ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு சார் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லலைப்பா. புரட்டாசி முடியட்டும். அதுக்கப்புறமும் உன் கையிலே இப்படியே இருந்தா, நீ வேற இடம் பார்த்துக்கறது ரெண்டு பேருக்கும் நல்லது."

அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது எனக்குப் புரிந்தது. பெட்ரோல் எடுத்து விற்கிற டிரைவர்களை நானும் பார்த்திருக்கிறேன். மெதுவாக ஓட்டுகிறவன் என்றால் இன்னொரு இடத்தில் வேலை கிடைக்கும். பெட்ரோல் திருடன் என்றால் ஸ்ரீரங்கம் ஸ்டாண்டில் நிற்கக்கூட விட மாட்டார்கள்.

வீட்டில் என் மனைவி செலின் கேட்டாள், "நான் எடுக்கலைன்னு சொன்னீங்களா இல்லையா?"

"அவர் எடுத்தியான்னு கேக்கவே இல்லையே."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களோ? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான். பிடிச்சிருக்கான்னு யாரும் கேக்கலைன்னு சொல்லாமயே எந்திரிச்சுப் போனீங்க. எங்கப்பா ரெண்டு நாள் தூங்கல."

5. மேம்பாலம்

மாமி திரும்பி வந்தார். துணியும் திரும்பி வந்தது. மைலேஜ் பதினாறுக்கு விழுந்தது. நான் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அன்று நல்ல வெயில். தூக்கில் கொதிக்கக் கொதிக்கச் சர்க்கரைப் பொங்கல். ஜங்ஷன் மேம்பாலத்தில் ஏறும்போது மீட்டரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வரி இங்கிலீஷ் வந்து நின்றது. பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினேன்.

"என்ன அந்தோணி? பெருமாள் அமுது செய்யற நேரமாச்சே."

"ஒரு நிமிஷம் மாமி." போட்டோ எடுத்துப் பெனாசிருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பயப்படாதீங்க அண்ணா. பேட்டரிக்குக் காத்து போற வழி அடைச்சிருக்குன்னு காட்டுது. பின்சீட்டுல, வலது கதவு ஓரமா, கீழ வலை மாதிரி ஒண்ணு இருக்கும். டவல், பைன்னு எதாச்சும் மூடியிருக்கா பாருங்க. காத்து போகலைன்னா பேட்டரி சூடாகிடும். சூடானா அது வேலை செய்யாது, இன்ஜின்தான் ஓடும். மைலேஜ் படுத்துரும்."

திரும்பிப் பார்த்தேன். வலது கதவு ஓரம். எட்டு முழ மடி வேட்டி. அதன்மேல் ஆவி பறக்கும் பித்தளைத் தூக்கு.

துணியை நான் தொட முடியாது. விரித்தவரிடம்தான் சொல்ல வேண்டும்.

"மாமி... அந்தத் துணி..."

"துணிக்கு என்ன?"

"காருக்கு மூச்சு முட்டுது மாமி."

"என்ன உளர்றே?"

அப்புறம் எப்படி வந்ததோ தெரியவில்லை, மொத்தமும் கொட்டிவிட்டேன். "பேட்டரி அங்கதான் மூச்சு விடுது மாமி. துணி மூடிருக்கு. பக்கத்துல பொங்கல் சூடு வேற. அது அடைக்கிறதாலதான் பெட்ரோல் கூடக் குடிக்குது. சர்வீஸுக்குப் போனப்ப துணி இல்ல, சார் ஓட்டினப்ப துணி இல்ல. நான் ஓட்டினப்ப மட்டும்தான் துணி இருந்துச்சு. நான் பெட்ரோல் எடுக்கலை மாமி."

மாமி தூக்கை நகர்த்திவிட்டு, குனிந்து வேட்டியின் நுனியைத் தூக்கினார். அது வரவில்லை. வலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்தார். ஊ என்ற சத்தம் பலமாகக் கேட்டது. கையை அருகே வைத்துப் பார்த்தார்.

"அடடா, இழுக்கறதே! இத்தனை நாளா என் பொங்கல் ஆவியைத்தான் குடிச்சிண்டிருந்ததா இது?"

"ஆமா மாமி. புளியோதரையும்."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன். அவர் வேட்டியை நாலாக மடித்துத் தன் பக்கம் மட்டும் போட்டு, தூக்கையும் அதன்மேல் வைத்துக்கொண்டார். "எடு வண்டியை."

கொஞ்ச தூரம் போனபின் கேட்டார், "பெட்ரோல் எடுக்கலைன்னு சொன்னியே, எடுத்தேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை மாமி."

சொல்லாதது யார் என்று மாமிக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வரும்போது ஆரஞ்சு எழுத்து காணாமல் போயிருந்தது. காவிரிப் பாலத்தில் இன்ஜின் தூங்கியது.

6. அகப்பட்ட ஆள்

வாசலில் சார் ஆபீசுக்குத் தயாராக நின்றார். மாமி இறங்கியதும் இறங்காததுமாக, "ஏன்னா, உங்க பெட்ரோல் திருடன் அகப்பட்டாச்சு" என்றார்.

சார் என்னைப் பார்த்தார்.

"அங்கே என்ன பார்க்கறேள்? நான்தான்."

வேட்டி, வலை, பொங்கல் எல்லாவற்றையும் மாமி சொல்லி முடித்தார். சார் பின்கதவைத் திறந்து, குனிந்து, அந்த வலையைத் தடவிப் பார்த்தார். தன் காரின் அந்த மூலையை அவர் அன்றுதான் பார்த்தார்.

"அன்னிக்கே இந்தத் துணியை நான் தூக்கிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமேடி."

"தெரிஞ்சிருக்கும். ஆத்துல உங்களுக்குச் சாப்பாடுதான் இருந்திருக்காது."

சார் சுற்றி வந்து என் ஜன்னல் பக்கம் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தோணி, நான் உன்னைத் தப்பா நினைச்சேன்ப்பா. மன்னிச்சுக்கோ" என்றார். இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு அவர் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

ஹைபிரிட் கார் ஓட்ட வரும் தம்பிகள் என்னிடம் மைலேஜுக்கு வழி கேட்கிறார்கள். காலையில் டயர் சூடாவதற்கு முன் காற்றைப் பாருங்கள். ஏசியை ரொம்பக் குறைத்து வைக்காதீர்கள். பேட்டரி மூச்சு விடும் வலை எங்கே இருக்கிறது என்று வண்டியை வாங்குகிற அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதன் பக்கத்தில் ஒரு கைக்குட்டைகூடப் போடாதீர்கள். இவையெல்லாம் எந்த சர்வீஸ் சென்டரிலும் சொல்வார்கள்.

அவர்கள் சொல்லாதது ஒன்று உண்டு. சார் என்னைத் திருடன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் இல்லை என்று சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தக் கார் அதிகமாகப் பெட்ரோல் குடித்தது.