சாட்சிக் கையெழுத்து

காரணமில்லாமல் என் தம்பி சேலை எடுத்துக்கொண்டு வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. நாகல் நகரில் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். பட்டுச் சேலைப் பையை என் மடியில் வைத்துவிட்டு, அகரத்தில் இருக்கும் அப்பாவின் நிலத்தைச் சட்டக் கல்லூரி ஒன்றுக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னான். அங்கே அப்பா பெயரில் நூலகம் வருமாம்.

"மூணு ஏக்கரும் அப்பிடியேவா?"

"ஆமாக்கா. நல்ல காரியந்தானே? நீ வந்து ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும். செத்த நேர வேலை."

அப்பாவின் கல்லறைக்கு வருடா வருடம் வெள்ளையடிப்பது நான். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பாசம்? தேர்தலில் நிற்கப் போகிறானா, பேரனுக்கு சீட் பேசிவிட்டானா என்று மண்டைக்குள் ஓடியது. சாட்சிக்கு ஊரில் வேறு ஆளா இல்லை? பத்திரத்தைக் காட்டு என்றேன். காலேஜில் இருக்கிறது என்றான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நிலத்தில் எனக்குப் பங்கு கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா இறந்த வருடமே, எனக்கு எதுவும் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கூடப் பிறந்தவள் பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகும். அதனால் பத்திரத்தை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் நான் தமிழ் டீச்சர். கேள்வித்தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு எழுது என்று பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தவள். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மறுநாள் அவனோடு போனேன். கல்லூரி அப்போது ஒரு வாடகைக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் தாளாளர் எழுந்து நின்று கும்பிட்டார். காபி வந்தது, பிஸ்கட் வந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவளுக்கு எதற்கு இத்தனை உபசாரம்? காபியைத் தொடாமல், பத்திரங்களைச் சரிபார்த்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்த வக்கீல் அம்மாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் அங்கேயே பாடம் நடத்துகிறவர்.

"அதெல்லாம் எதுக்குக்கா? நேரமாகுது" என்றான் தம்பி.

"ஏலே, நீ சும்மா இரு."

அவர் வாசித்தார். தானம் கொடுப்பவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். இரண்டாவது என்னுடையது. பழைய விடுதலைப் பத்திரத்தில் நிலத்தின் ஒரு பாதிக்கான சர்வே எண்ணை எழுதாமல் விட்டுவிட்டார்களாம்.

"கிணத்தோட இருக்குற பாதியில உங்க பங்கு இன்னும் உங்ககிட்டதான் இருக்கு டீச்சர். தம்பி சொல்லியிருப்பாரே? மனசாரக் குடுக்குறீங்களா?" என்று கேட்டார் வக்கீல் அம்மா.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏமாற்றப் பார்த்தது ஆத்திரமாக இருந்தது. ஆனால் என் மனதில் நின்றது அதுவல்ல. மனசாரக் கொடுக்கிறாயா என்று அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

"இல்லங்க. குடுக்கல" என்றேன்.

தம்பி பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். தாளாளர், காபி ஆறுகிறது என்றார். நான் வக்கீல் அம்மாவிடம், என் பங்கைச் சொல்லும் அந்த வரிகளை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.