மேரு கடை வாசலில் தோண்டிய ரோடு

தர்மினி மேடம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கிள்ளானில் லோரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவருடைய அண்ணன் பேசினார். "தங்கச்சி காலைல போய்ட்டா" என்றார். காற்றுக் குழாயைப் பிடித்தபடியே நின்றேன். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். "அங்கிள், நகருங்க லா!" நகர்ந்தேன். இந்த ஊரில் யார் செத்தாலும் முதலில் வண்டியை நகர்த்தியாக வேண்டும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான்கு வரி கேட்டார் அண்ணன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நான்கு வரியில் நிறுத்தவும் எனக்கு வராது.

நீங்கள் அவரை உறவாக, கோயில் தோழியாக அறிந்திருப்பீர்கள். நான் ஆறு கடை வைத்திருந்த ஒரு மளிகைக் கம்பெனியின் டிரைவர். அவர் மாடி அலுவலகத்தில் விற்பனை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று ஆராய்கிறவர். மாடியிலிருந்து கீழே சரக்கு ஏற்றும் இடத்துக்கு இறங்கிவந்து பேசிய ஒரே ஆள்.

முதல் நாள் வந்து, "அண்ணே, போன மாசம் ரெண்டாவது வாரம் கிள்ளான்ல மழையா?" என்றார். எனக்கு ஒன்றைக் கேட்டால் ஒன்பது சொல்லும் பழக்கம். தார்ப்பாய் கிழிந்தது, உப்பு மூட்டை நனைந்தது, ஒதுங்கிய இடத்தில் ஒரு சீனக் கிழவர் எனக்குக் காப்பி வாங்கித் தந்தது, அவர் மகன் சுங்கை பூலோவில் பூச்செடி விற்பது வரை போய்விட்டேன். மற்றவர்கள் என்றால் "சுருக்கமா சொல்லுய்யா" என்பார்கள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "சுத்திச் சுத்தியே சொல்லுங்கண்ணே. நான் தேடுறது அந்தச் சுத்துலதான் இருக்கும்" என்றார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முதலாளியின் மருமகன் ஐந்து கடைகளுக்குப் பக்கத்தில் பெரிய விளம்பரப் பலகைகள் வைத்தார். ஆறாவது கடை இருந்த மேரு ஊரில் மட்டும் வைக்கவில்லை. அக்டோபர் விற்பனையை முந்தின அக்டோபரோடு வைத்துப் பார்த்தார்கள். ஐந்து கடையிலும் எகிறியிருந்தது, மேருவில் மட்டும் இல்லை. முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். மேடம் லட்டைத் தின்று முடித்துவிட்டுத்தான் சொன்னார்: "பாஸ், போன வருஷம் தீபாவளி நவம்பர் நடுவுல. இந்த வருஷம் அக்டோபர் கடைசில. தீபாவளி செஞ்ச வேலைய பலகை செஞ்சதா நெனைக்கிறோம்." எண்ணெய்க் குளியலுக்கு நேரம் பார்க்கிற மனிதர், முப்பது வருஷம் தீபாவளிச் சாமான் விற்றவர், பண்டிகை தேதி மாறும் என்பதை மறந்திருந்தார். லட்டு கொடுத்த கை அப்படியே நின்றது.

பிறகு மேடம் செய்த கணக்குக்கு ரிக்ரெஷன் என்று பெயர். என்னவென்று கேட்டேன். "அஞ்சு பேரு உங்க லோரியத் தள்ளுறாங்க. யாரு எவ்வளவு தள்ளுனாங்கன்னு ஒரு தடவ பாத்துச் சொல்ல முடியுமா? ஆள் மாறி மாறி, நெறைய நாள் தள்ளுனாதான் பிரிச்சுப் பாக்கலாம். தீபாவளி எத்தன நாள்ல வருது, சம்பள வாரமா, மழையா, பலகை இருந்துச்சா. எல்லாருமே தள்ளுறவங்கதான்."

"ஒருத்தன் சும்மா கைய வச்சுக்கிட்டு நின்னா, மேடம்?"

"அவனயும் காட்டிக் குடுத்துரும்ணே!" என்று சிரித்தார்.

கணக்கில் பலகை அப்படித்தான் நின்றது. கொஞ்சம் தள்ளியிருக்கலாம், தள்ளாமலும் இருந்திருக்கலாம் என்றார்.

ஆனால் முதலாளி அதற்குள் மேரு கடையை மூட முடிவு செய்திருந்தார். அங்கே விற்பனை ஏறாதது பலகை இல்லாததால் அல்ல, இருப்பவர்கள் சோம்பேறிகள் என்பதால் என்று சொன்னார். பதினோரு பேர் அங்கே வேலை செய்தார்கள். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் கடை வாசலில் சாக்கடைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். லோரியைத் தூரத்தில் நிறுத்தி நான் மூட்டை சுமந்தேன். அதை மேடத்திடம் சொன்னதும் நான்தான். அதையும் கணக்கில் சேர்த்ததும் மேரு மற்ற கடைகளுக்குக் குறைந்ததில்லை என்று வந்தது.

கூட்டத்தில் முதலாளி கேட்டார்: "ரோடு தோண்டுனதுக்கு என்ன ஆதாரம்? மேரு சூப்பர்வைசர் கடையக் காப்பாத்த என்ன வேணா சொல்வான்."

"டிரைவர் அண்ணன் சொன்னாரு, பாஸ்."

என்னை மேலே கூப்பிட்டார்கள். அறுபது தாண்டியவன் நான். வருஷத்துக்கு ஒருமுறை என் வேலையை நீட்டித்துக் கடிதம் தருவார்கள். அந்த வருஷக் கடிதம் கையெழுத்தாகாமல் முதலாளியின் மேசையில் கிடந்தது. அதைப் பார்த்தேன்.

"சரியா ஞாபகம் இல்ல, பாஸ்" என்றேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டை எடுத்துவிட்டுக் கணக்குப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்று வேலையை விட்டார். கடை மூடிய அன்று அலமாரிகளை ஏற்ற என்னைத்தான் அனுப்பினார்கள். கல்லாவில் இருந்த பெண் கேட்டாள்: "ஏண்ணே, நம்ம வாசல்ல தோண்டுனத மேல யாருமே சொல்லலியா?"

"தெரியலம்மா" என்றேன்.

இப்போது மேடத்தின் இழவு வீட்டுக்கு முதலாளியும் மாலையோடு வந்தார். "நம்ம விளம்பரம் வேல செஞ்சத நம்பர் போட்டுக் காட்டுனவங்க" என்று நாலு பேரிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "இல்லையாண்ணே?" என்றார். அங்கேயும் தலையாட்டினேன்.

இந்த மலர் முதலாளி வீட்டுக்கும் போகும். போகட்டும். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரமும் மேரு கடை வாசலில் ரோடு தோண்டியிருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மேடம் போட்ட கணக்கு சரி.

அன்று கூட்டம் முடிந்து மேடம் கீழே இறங்கி வந்தார். திட்டுவார் என்று லோரிக்குப் பின்னால் போய் நின்றேன். தேடி வந்து சொன்னார்: "உங்கள நான் மாட்டி விட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுருங்கண்ணே." நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்டார். அதைத் திருப்பிக் கொடுக்க இப்போது ஆள் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.