இரண்டாம் கம்பியும் நாலாம் கம்பியும்

ரபியா இணைத்த ஒயரை யாரும் திரும்பச் சோதித்துப் பார்ப்பதில்லை. பதினாலு வருடமாக அந்த இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அதுதான் வழக்கம். பாலிடெக்னிக் முடித்து, இரண்டு கம்பெனி மாறி, இருபத்தெட்டு வயதில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர் அவர். கேபிள் முனையில் வெள்ளை டேப் ஒட்டி, நம்பர் போட்டு, பக்கத்தில் 'ர' என்று எழுதுவார். தமிழ் தெரியாத சீன மாணவர்களுக்குக்கூட அந்த எழுத்து தெரியும். அது இருந்தால் கவலை வேண்டாம் என்று அர்த்தம்.

இந்த வருடம் அந்த 'ர'வால்தான் வம்பு வந்தது.

சோதனை தாரகாவினுடையது. டாக்டர் பட்டத்துக்காக மூன்று வருடமாக அதையே கட்டிக்கொண்டு அழுகிறாள். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த மூலக்கூறுகளைக் காற்றே இல்லாத ஒரு கலத்துக்குள் வைத்து, லேசரால் குளிரவைக்க வேண்டும். இதற்குக் கீழே குளிரே கிடையாது என்கிற எல்லை ஒன்று உண்டு. அதற்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் சில பங்கு, அவ்வளவு குளிர். அந்த மூலக்கூறின் ஒரு முனையில் நேர்மின் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மறுமுனையில் எதிர்மின். சுற்றியுள்ள நாலு கம்பிகளில் மின்னழுத்தம் ஏற்றினால் எல்லாம் ஒரே திசைக்கு முகம் திருப்பும். வேடிக்கை அப்புறம்தான். தொடவே வேண்டாம், தூரத்திலிருந்தே ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரிந்துவிடும். தலைக்கு வாலாக முன்னும் பின்னும் நின்றால் இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் பக்கம் நின்றால் தள்ளிவிடும்.

தாரகா அவற்றைத் தோசை மாதிரி தட்டையாகப் பரப்பியிருந்தாள். மின்புலம் கீழிருந்து மேலாக இருந்தால் எல்லாம் நிமிர்ந்து நின்று, ஒன்றையொன்று தள்ளி, மோதாமல் சில விநாடி பிழைத்திருக்க வேண்டும். ஆனால் மின்புலத்தைப் போட்ட கணமே மூலக்கூறுகள் காணாமல் போயின. ஐந்து மாதமாக இதே கதை.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் தாரகா சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு லேசரை நேரா வைக்கத் தெரியலன்னு நினைக்கிறாங்க, அக்கா."

"யாரு?"

"எல்லாரும்தான். ப்ரொஃப் திங்கக்கிழமை மீட்டிங் வச்சிருக்காரு. வேற ப்ராஜெக்ட் பாருன்னு சொல்லப்போறாரு."

"ஒயரெல்லாம் செக் பண்ணியா?"

"உங்க ஒயரையா? அதுல சந்தேகம்னு சொன்னா என்னைய லேப்ல சேத்துக்க மாட்டாங்க லா."

ரபியா சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை தேக்கா சந்தையில் கறி வாங்கிக்கொண்டு மாடியில் தையல் கடைக்குப் போனார். மகள் அமீராவின் பாஜு குரோங் என்ற மலாய் உடை அங்கே தைக்கக் கொடுத்திருந்தது. தையல்காரர் சந்திரமதி அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டிப் போட்டு, பாக்கெட்டுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

"அவ ரைட்ல கேட்டா. நீங்க லெஃப்ட்ல வைக்கிறீங்களே?"

"துணி புரட்டிக் கெடக்கு, பாக்கலையா? திருப்பினா ரைட்டுக்கு வந்துரும். இவ்ளோ வருஷமா மெஷினோட மல்லுக்கட்டுறீங்க, இதுகூடத் தெரியல."

புரட்டிய துணியைப் பார்த்ததும் ரபியாவுக்குக் கலத்துக்குள் தான் போட்ட ஒயர்கள் நினைவுக்கு வந்தன. கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

கலத்தின் சுவரில் நாலு முள் வைத்த தகடு ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் மின்சாரம் உள்ளே போகும். வரைபடத்தில் முட்களுக்குக் கடிகாரம் சுற்றும் திசையில் நம்பர் போட்டிருந்தது. ஆனால் வரைந்தவர் கலத்துக்கு வெளியே நின்று பார்த்தபடி வரைந்திருந்தார். ரபியா ஒயரை இணைத்தது உள்பக்கமிருந்து. அங்கிருந்து பார்த்தால் அதே வரிசை எதிர்த்திசையில் ஓடும். ஒன்றும் மூன்றும் அப்படியே இருக்கும், இரண்டும் நாலும் இடம் மாறிவிடும். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதை மட்டும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கலத்தை மூடியிருந்தார்.

மூடுமுன் எடுத்த படம் போனில் இருந்தது. பெரிதாக்கினார். இரண்டாம் கம்பியின் ஒயர் நாலாம் முள்ளில் இருந்தது.

மேல் ஜோடி ஒன்றும் இரண்டும், கீழ் ஜோடி மூன்றும் நாலும்; அதில் இரண்டும் நாலும் மாறினால் மின்புலம் நிமிர்ந்து நிற்காது, படுத்துக் கிடக்கும். மூலக்கூறுகளும் அதோடு படுத்து, தலைக்கு வால் இழுத்து, மோதி அழிந்திருக்கின்றன. தாரகாவின் லேசரில் ஒரு குறையும் இல்லை.

கலத்தைத் திறக்கவே வேண்டாம். வெளியே இரண்டு கேபிளை மாற்றிச் செருகினால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. திங்கள் காலை ஏழு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் ஆள் இருக்காது. மூலக்கூறுகள் பிழைத்துக்கொள்ளும், தாரகா ஒருவழியாக லேசரை நேராக்கிவிட்டாள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஞாயிறு முழுக்க ரபியாவின் மனம் அந்த ஐந்து நிமிடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. 'ஒருவழியாக' என்ற சொல்தான் உறுத்தியது. அதுவரை நடந்த தப்பெல்லாம் அந்தப் பெண்ணுடையது என்றாகிவிடும்.

திங்கள் ஏழு மணிக்கே போனார். கேபிளைத் தொடவில்லை. தாரகா வந்ததும் போனை நீட்டினார்.

"தப்பு உன்னோடது இல்ல. என்னோடது. ரெண்டையும் நாலையும் மாத்தி வச்சிட்டேன்."

தாரகா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு மாசம், அக்கா."

"தெரியும்."

"பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். ரெண்டு தடவ."

"அது தெரியாது. மன்னிச்சுக்க தாரகா."

தாரகா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவளே மின்சாரத்தை அணைத்தாள். ரபியா கம்பிகளில் மிச்சமிருந்த மின்னைத் தரையில் இறக்கிவிட்டு, கேபிள்களை மாற்றிச் செருகினார்.

மின்புலத்தைப் போட்டு ஒரு விநாடி கழித்து எடுத்த படத்தில் மூலக்கூறுகள் இருந்தன. அடுத்த தடவை இரண்டு விநாடி விட்டு எடுத்தார்கள். அப்போதும் இருந்தன. தாரகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

மீட்டிங்குக்கு ரபியாவை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே போனார். என்ன மாற்றினீர்கள் என்று பேராசிரியர் தாரகாவைக் கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன், "ஒயர் நான் போட்டது சார், தப்பும் நான் பண்ணது" என்று சொல்லி ரபியா படத்தைக் காட்டினார்.

திரும்பி வந்ததும் அந்த இரண்டு கேபிள்களின் டேப்பை உரித்தார். புதிதாக ஒட்டி, நம்பரும் 'ர'வும் எழுதிவிட்டு, பேனாவைத் தாரகாவிடம் கொடுத்தார்.

"நீயும் செக் பண்ணிட்டு உன் எழுத்தப் போடு. இனிமே ரெண்டு எழுத்து இல்லாம சுவிட்ச் போடக் கூடாது."

தாரகா மேசைக்கடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"அக்கா, வெளிய இருந்து பாக்கணுமா, உள்ள இருந்தா?"

"வாய் மட்டும் கொறையல," என்றார் ரபியா.