சோபாவிலிருந்து பார்த்தால்

எங்கள் வீட்டுப் பழைய டி.வி.யில் ஒரு குறையும் இருக்கவில்லை. படம் பளிச்சென்று இருந்தது, சத்தம் நன்றாகக் கேட்டது, இடி மின்னலுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கணவர் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, நம் டி.வி.யில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. எழுந்து போய்த் திரைக்கு முன்னால் குனிந்து, செய்தி வாசிக்கிற பெண்ணின் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினார். அவருக்குச் சின்னமனூரில் உரக்கடை. கடையிலும் இதே பேச்சுதான் என்று பூச்சிமருந்து வாங்க வந்த திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் என்னிடமே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேனிக்குப் போனோம். கடையில் ஒரு புலி ஓடிக்கொண்டிருந்தது. அதன் மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. உண்மைதான், அழகாகவே இருந்தது. ஆனால் நாங்கள் திரையிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றிருந்தோம். எங்கள் வீட்டுக் கூடமோ ரயில் பெட்டி மாதிரி நீளம். டி.வி. ஒரு கோடியில், சோபா மறு கோடியில். அதைச் சொன்னேன். விற்பனைக்கு நின்ற பையன், எங்கே உட்கார்ந்தாலும் வித்தியாசம் தெரியும் மேடம் என்றான். என் கணவர் அவனைப் பார்த்துத் தலையாட்டினார். பழையது என்ன அளவோ அதே அளவில், ஃபோர்-கே என்ற பெயரோடு புதியது வீட்டுக்கு வந்தது. பழையது பின்னறைக்குப் போனது.

அன்று மாலையே தொந்தரவு தொடங்கியது. கேபிளில் வழக்கமான சீரியல் ஓடியது. எனக்கு எப்போதும் போலத்தான் தெரிந்தது, அப்படியே சொன்னேன். கேபிளை விட்டுவிட்டு இணையத்தில் ஒரு காட்டைப் போட்டார். இலை நரம்பு தெரிகிறதா என்று கேட்டார். இலை தெரிகிறது என்றேன். உடனே என் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார். நான் போடியில் பள்ளிக்கூட டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். வருகிற பஸ் கம்பத்துக்கா போடிக்கா என்று தூரத்திலேயே போர்டைப் படித்துவிடுவேன். அதெல்லாம் எடுபடவில்லை. கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார். அடி வரிசை எழுத்துவரை தடுக்காமல் படித்தேன். கண்ணாடி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் அவர் சொன்னது: "அது எழுத்து. இது படம்."

பிறகு சோபாவை முன்னால் இழுத்துப் போட்டார். கிட்ட உட்கார்ந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன் என்றார். சோபா வந்து நின்ற இடம் அடுக்களைக்குப் போகும் வழி. குழம்புச் சட்டியோடு போகிறபோதெல்லாம் அதன் மூலையில் முழங்காலை இடித்துக்கொண்டேன். என் மாமனார் ஒரே நாளில் கழுத்து வலிக்கிறது என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்சுவரோரம் போய்விட்டார். அங்கிருந்து ஒன்றும் தெரியாது, முன்னால் வாருங்கள் என்று என் கணவர் கூப்பிட்டார். "எனக்கு இங்கன இருந்தே எல்லாம் தெரியுது. நீ ஒந்தலையக் கொஞ்சம் நகட்டு," என்றார் மாமனார்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு வருசநாட்டிலிருந்து கொழுந்தன் குடும்பத்தோடு வந்தார். சாமி கும்பிட்டுவிட்டு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். நடுக்கூடத்தில் நின்ற சோபாவைப் பார்த்து அவர் காரணம் கேட்டார். நான் மொத்தக் கதையையும் கொட்டித் தீர்த்தேன். என் கணவர் புரோட்டா வாங்கப் போயிருந்தார். கொழுந்தன் பின்னறை டி.வி.யைத் தூக்கிவந்து புதியதன் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே படத்தை ஓடவிட்டார். அடையாளம் தெரியாதபடி ஓரங்களைப் போர்வையால் மறைத்தார். சோபாவைப் பழைய இடத்துக்கே தள்ளினோம்.

என் கணவர் பொட்டலங்களோடு வந்ததும் சோபாவில் உட்காரவைத்து, இதில் புதியது எது என்று கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. இடது பக்கம் என்றார். இடது பக்கம் இருந்தது பழையது. கொழுந்தனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் எழுந்து நேராகத் திரைகளுக்கு முன்னால் போனார். மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வலது பக்கத்தைத் தட்டினார்.

"பாத்தியா? இதுதான் புதுசு. கிட்ட வந்தா தெரியுதுல்ல?"

"அங்கன நின்னுக்கிட்டேயா நாம சோறு திங்கப்போறோம்?" என்றேன்.

அவர் காதில் அது விழவில்லை. தான் ஜெயித்துவிட்டதாகவே புரோட்டாவைப் பிரித்தார். மாமனாரிடம் நியாயம் கேட்டேன். அவர் சால்னா ஆறிப்போகும் என்றார்.

அன்று எல்லோரும் கூடத்தில் படுக்க வேண்டியிருந்ததால் சோபா பின்னாலேயே இருந்தது. அவர்கள் ஊருக்குப் போன பிறகும் என் கணவர் அதை முன்னால் இழுக்கவில்லை. ஒரு வாரம் டி.வி. பற்றிப் பேச்சே இல்லை. எனக்கும் முழங்கால் வலி குறைந்தது. சனியன் விட்டது என்றிருந்தேன்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவர் ஸ்டூலில் ஏறிச் சுவரை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். என்ன என்றேன். கீழே இறங்காமலே விளக்கினார். தப்பு டி.வி.யில் இல்லை, அளவில்தானாம். இவ்வளவு நீளக் கூடத்தில் இந்தச் சின்னத் திரையில் எத்தனை நுணுக்கமாகப் படம் வந்தாலும் சோபாவுக்கு எட்டாதாம். திரை பெரிதாக இருந்தால்தான் தெரியுமாம்.

இதைத்தானே தேனிக் கடையில் நின்று நான் சொன்னேன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "நீ அன்னைக்கே சொன்ன. நாந்தான் கேக்கல. அதான், பெருசா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

டேப்பின் மறுமுனையை என் பக்கம் நீட்டினார். பையைக்கூட இறக்கிவைக்காமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.